கோத்தகிரி நண்பருக்கு: அந்த 2,999 ரூபாயைக் கட்டாதீர்கள்

அப்பாவின் கணினியில் ‘312 வைரஸ் உள்ளது, உடனே பணம் கட்டவும்’ என்று வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வைரஸைப் பிடிக்கிற மென்பொருள் இல்லை, பணம் பிடுங்குகிற மென்பொருள். அதில் இருக்கும் எண்ணுக்கு அப்பா தவறியும் போன் செய்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது.

முதலில் வைஃபையை அணையுங்கள். அப்புறம் அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். வலது கீழ் மூலையில் எட்டிப்பார்த்து, அதில் குரோம் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் பொடி எழுத்தில் இருந்தால், கணினிக்குள் எதுவும் நுழையாமலே இருக்கலாம், எப்போதோ ‘அலவ்’ அழுத்தியதன் விளைவு அது, குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கினால் அடங்கிவிடும்.

தனி நிரலாகவே திறக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்தது மேலேயே நிற்கும், அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நீங்க மறுத்தால், அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் கணினியைத் திறந்து செய்யுங்கள்.

பிறகு விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் செய்யுங்கள், விண்டோஸ் திறக்காமலே வைரஸைத் தேடும் சோதனை அது. கணினி தானே அணைந்து எழும், கால் மணி நேரம் போல ஆகும், மழை நாளில் கரண்ட் நிலையாக இருக்கும்போது தொடங்குங்கள். இதற்காக மேட்டுப்பாளையம் வரை தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம்.

அப்பா ஏற்கெனவே கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் மட்டும் இதெல்லாம் பிறகு. முதலில் வங்கியில் சொல்லி கார்டை முடக்குங்கள், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.