மூன்று வாரத்துப் பகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்க மேற்குப் பக்கத்துக் கல்லூரிகளின் பாக்-12 கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடி ஒரு பட்டத்துக்குப் போட்டியிடும் கல்லூரி அணிகளின் கூட்டணி) உடைந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கான்ஃபரன்ஸ் மாறினால் கல்லூரி பேஸ்கட்பாலின் பழைய பகைகள் செத்துப்போகும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நான் கான்சாஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோட்டுக்கு மேற்கே குடியிருப்பவன். தெருவின் இந்தப் பக்கம் கான்சாஸ், எதிர்ப்பக்கம் மிசூரி. இருபது வருடமாகக் கான்சாஸ் பல்கலைக்கழக அணியின் ரசிகன். விதி, என் மகள் மிசூரி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2024 டிசம்பர் 8 அன்று அவளோடு அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா போய் மேட்ச் பார்த்தேன். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த கான்சாஸை மிசூரி 76-67 என்று சாய்த்தது. பக்கத்தில் நின்று மகள் கத்தியது என் காதில் விழவில்லை, அவ்வளவு சத்தம். மிசூரி எங்கள் பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸுக்குப் போனபோது அவளுக்கு ஏழு வயது. பகை செத்திருந்தால் அவளுக்கு இந்த ஆவேசம் எங்கிருந்து வந்தது? நீங்கள் பழசை நினைத்துப் புலம்புகிறீர்களோ என்று தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது. அந்தக் கட்டுரையில் கொஞ்சம் ஒப்பாரி கலந்திருந்தது உண்மைதான். 'பழைய' என்ற சொல்லை நான் போட்டிருக்கக் கூடாது. பகை முற்றுவதற்கு நூறு வருடம் தேவையில்லை. பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸை டேவ் கேவிட் 1979-இல்தான் கூட்டினார். முதல் சீசனிலேயே, 1980 பிப்ரவரி 13 அன்று, சிரக்யூஸ் தன் மேன்லி ஃபீல்டு ஹவுஸில் கடைசி மேட்ச் ஆடியது. அந்த அரங்கில் தொடர்ந்து 57 மேட்ச் ஜெயித்திருந்த அணி. ஜார்ஜ்டவுன் வந்து 52-50 என்று கதையை முடித்தது. முடித்ததோடு விடாமல், மேன்லி ஃபீல்டு ஹவுஸ் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது என்று ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்ப்சன் அறிவித்துவிட்டுப் போனார். வீட்டுக்காரன் பூட்ட வேண்டிய வீட்டை விருந்தாளி பூட்டினால் எப்படி இருக்கும்! அதற்கப்புறம் அந்த இரண்டு ஊருக்கும் வேறு வரலாறு தேவைப்படவில்லை.

உங்கள் பக்கத்தில் வரலாற்றுக்குப் பஞ்சமில்லை. உள்நாட்டுப் போரின்போது, 1863 ஆகஸ்ட் 21 அன்று, குவான்ட்ரில் என்பவனின் கெரில்லாக் கூட்டம் மிசூரியிலிருந்து எல்லை தாண்டி வந்து, இப்போது உங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரைக் கொளுத்தி, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. கான்சாஸ்–மிசூரி மேட்ச் என்றால் யாராவது ஒருவர் இதை இழுக்காமல் இருப்பதில்லை. எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. எதிரணிப் பையன் ஃப்ரீ த்ரோ போடும்போது தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு குவான்ட்ரிலா ஞாபகத்துக்கு வருவான்? போன மேட்சில் வாங்கிய அடிதான் வரும்.

2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 4, கொலம்பியா. கான்சாஸ் கையில் இருந்த மேட்சைக் கடைசி நிமிடங்களில் மார்கஸ் டென்மன் பிடுங்கிக்கொண்டார், 74-71. சரியாக மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 25, லாரன்ஸ், ஆலன் ஃபீல்டுஹவுஸ். மிசூரி நாட்டில் மூன்றாமிடம், கான்சாஸ் நான்காமிடம். இரண்டாம் பாதியில் கான்சாஸ் 19 புள்ளி பின்னால். அங்கிருந்து ஏறி வந்து சமன் செய்தார்கள். நேரம் முடியும் தறுவாயில் மிசூரியின் ஃபில் பிரெஸ்ஸி கூடைக்குப் பாய்ந்தார், கான்சாஸின் தாமஸ் ராபின்சன் எம்பித் தடுத்தார். ஓவர்டைம். டைஷான் டெய்லரின் இரண்டு ஃப்ரீ த்ரோ. 87-86. அந்த ஒரு புள்ளியில் தொடர்ந்து எட்டாவது வருடமாகப் பிக் 12 பட்டத்தில் கான்சாஸுக்குப் பங்கு உறுதியானது.

நடுவில் இருந்த அந்த மூன்று வாரத்தைத்தான் நான் சொல்கிறேன். அப்போது பிக் 12-இல் பத்து அணிகள், 18 மேட்ச். ஒன்பது பேரோடும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. தோற்றவனுக்கு "எங்க ஊருக்கு வா, பேசிக்கலாம்" என்று சொல்லத் தேதியும் இருந்தது, தட்டிப் பறிக்க ஒரே பட்டமும் இருந்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற பங்காளிகளின் சண்டை அது. நீங்கள் பார்த்த டிசம்பர் மேட்சில் தோற்ற கான்சாஸ் திருப்பிக் கொடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் தோற்ற பையன்களில் பலர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குப் போயிருப்பார்கள். 76-67 என்ற அந்த ஸ்கோரால் பிக் 12 அட்டவணையும் அசையாது, எஸ்.இ.சி. அட்டவணையும் அசையாது.

பாக்-12 பற்றி நான் எழுதியதும் இந்தக் கணக்குதான், சரியாகச் சொல்லவில்லை. அங்கே அணிகள் ஜோடி ஜோடியாக இருந்தன. அரிசோனா பக்கம் போனால் ஒரு பயணத்தில் டூசானில் ஒரு மேட்ச், டெம்பியில் ஒரு மேட்ச். அங்கிருந்து போன லாஸ் ஏஞ்சலஸ் அணி யு.சி.எல்.ஏ. இப்போது இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 அணிகள். 2024-25 சீசனில் ஆளுக்கு 20 மேட்ச். மூன்றே மூன்று பேரோடு இரண்டு முறை, மீதிப் பதினான்கு பேரோடு ஒரே முறை. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்சி போய் ரட்கர்ஸிடம் தோற்றால், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இத்தனைக்கும் இந்த இடமாற்றங்களில் பெரும்பாலானவை அமெரிக்க ஃபுட்பாலின் டிவி பணத்துக்காக நடந்தவை. பேஸ்கட்பாலை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனெக்டிகட் மட்டும் 2020-இல் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பி வந்து 2023, 2024 என்று அடுத்தடுத்து தேசிய சாம்பியன் ஆனது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மிசூரி போனதும் உங்கள் கோச் பில் செல்ஃப் அவர்களோடு ஆட மறுத்தாரே, அதில் நான் அவர் கட்சி. பாகம் பிரித்துக்கொண்டு போனவன் திருவிழாவுக்கு மட்டும் வந்து முதல் மரியாதை கேட்டால் யாருக்கும் எரியும். புயல் நிவாரணத்துக்காக 2017-இல் ஆடிய காட்சி மேட்சை விட்டால், 2021 டிசம்பர் வரை பேச்சுவார்த்தை இல்லை. திரும்பி வந்த முதல் மேட்சில் கான்சாஸ் 102-65 என்று ஜெயித்தது. அந்த ஸ்கோரில் உங்களுக்கே பழைய ருசி இருந்ததா, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

மகளின் ஆவேசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் முதலிடத்தில் இருக்கும் எந்த அணி வந்து தோற்றிருந்தாலும் கொலம்பியாவில் அன்று கூரை பிய்ந்திருக்கும். ஒன்று செய்யுங்கள். அடுத்த பிப்ரவரி கடைசியில், எஸ்.இ.சி. சீசன் சூடாக இருக்கும்போது, யார் தோற்றால் உனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று அவளிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். கான்சாஸ் என்று சொன்னால் கட்டுரையைத் திருத்தி எழுதுகிறேன். எஸ்.இ.சி.யிலேயே இருக்கும் பக்கத்து மாநிலத்து ஆர்கன்சா என்று சொல்வாள் என்பது என் ஊகம். கேட்டதும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.