மூட்டை தூக்கும் தோள் மட்டும் போதுமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 20 வயது, எடை 98 கிலோ. லீ பஜாரில் மூட்டை தூக்குகிறான். ஒரு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறான். ஆடிய நான்கு போட்டியிலும் ஜெயித்துவிட்டான். "அமெச்சூர் மெடல் சோறு போடாது, நேராகப் புரொஃபஷனலாக இறங்கு" என்று ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார். ஜோ ஃப்ரேசியரும் கறிக்கூடத்தில் வேலை பார்த்துத்தானே உலக சாம்பியன் ஆனார்?
(வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: கையெழுத்துப் போட விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

ஃப்ரேசியர் கதையில் பாதியைத்தான் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தது உண்மை. அதற்கும் முன்னால், தென் கரோலினா கிராமத்தில் சிறுவனாக இருந்தபோதே, ஒரு கோணிப்பையில் கந்தல் துணி, மக்காச்சோளக் கட்டை, நடுவில் ஒரு செங்கல் என்று திணித்து மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகியவர். பன்றி ஒன்று துரத்தியதில் விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டப் பணமில்லை. கை முழுதாக நீளாமல், கொஞ்சம் வளைந்தபடியே கூடிவிட்டது. பின்னாளில் எல்லோரும் பயந்த லெஃப்ட் ஹூக் (இடது கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) அந்தக் கையிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கையோடு அவர் நேராகக் காசுக்கு ஆடப் போனாரா? இல்லை. உடம்பைக் குறைக்க ஜிம்முக்குப் போனவர், சில வருடங்கள் அமெச்சூராகவே ஆடினார். 1964 ஒலிம்பிக் தேர்வில் பஸ்டர் மேத்திஸ் என்ற மலை போன்ற ஆளிடம் தோற்றும் போனார். மேத்திஸுக்குக் கையில் அடிபட்டதால், மாற்று ஆளாக டோக்கியோவுக்குப் போனார். அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்தது. தெரிந்தால் இறுதிப் போட்டியில் இறங்க விடமாட்டார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பெரும்பாலும் வலது கையை நம்பியே ஆடி, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை 3-2 என்று நடுவர்கள் தீர்ப்பில் ஜெயித்தார். அந்த வருடம் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. (விரல் உடைந்ததை மறைத்ததை நான் மெச்சவில்லை. உங்கள் பையனுக்கு அடிபட்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.)

சரி, தங்கம் சோறு போட்டதா? போடவில்லை. கை குணமாகாமல் வேலைக்குப் போக முடியாமல் கஷ்டப்பட்டார். நம் கவுர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர், பத்மஸ்ரீ பெற்றவர். கடைசிக் காலத்தில் வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கினார். நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆகவே அந்த மனிதர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அமெச்சூர் ஆட்டத்தில் பையன் சம்பாதிக்க வேண்டியது காசு இல்லை, தொழில் நுணுக்கம்.

லீ பஜார் மூட்டை திருப்பி அடிக்காது. 98 கிலோ ஆள் அடிப்பான். அமெச்சூரில் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டுதான். பலமாக அடி விழுந்தால், ஆள் கீழே விழாவிட்டாலும் ரெஃப்ரி எட்டு வரை எண்ணிக் கண்ணைப் பார்ப்பார். தலையில் வாங்கிய அடியால் போட்டி நின்றால் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது. புரொஃபஷனலில் நாலு, ஆறு என்று ஆரம்பித்து 12 ரவுண்டு வரை போகும். நின்றுகொண்டிருப்பவனுக்குப் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையும் கிடையாது. மூன்று ரவுண்டில் தலையைக் காப்பாற்றக் கற்காதவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாமா?

ஃப்ரேசியர் 1965 ஆகஸ்டில்தான் புரொஃபஷனல் ஆனார். பிறகு ஃபிலடெல்ஃபியா ஆட்கள் பங்கு போட்டு அவருக்குச் செலவு செய்தார்கள். 1968-ல் அதே மேத்திஸை 11-வது ரவுண்டில் சாய்த்தார். 1970-ல் ஜிம்மி எல்லிஸை வென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட உலக சாம்பியன் ஆனார். (பத்து வருடம் கழித்து முகமது அலியோடு சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியவர் இந்த எல்லிஸ்தான்.) 1971 மார்ச் 8 அன்று 15 ரவுண்டு (அந்தக் காலத்தில் பட்டப் போட்டிக்கு அதுதான் கணக்கு) ஆடி அலியையே தோற்கடித்தார். மொத்தம் 37 போட்டியில் 32 வெற்றி, ஒரு டிரா. நாலே தோல்வி, இரண்டு அலியிடம், இரண்டு ஜார்ஜ் ஃபோர்மேனிடம்.

அலியிடம் தோற்றதில் ஒன்று 1975 மணிலா. இடது கண் பார்வை ஏற்கெனவே மங்கல், வலது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. 14 ரவுண்டு முடிந்து உட்கார்ந்தவர் இன்னும் ஆடுகிறேன் என்கிறார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை, போட்டியை நிறுத்திவிட்டார். உலகப் பட்டம் ஒரே ஒரு ரவுண்டு தூரத்தில் இருந்தது, ஆனாலும் நிறுத்தினார்.

ஒப்பந்தம் நீட்டுகிறவர் அந்த இடத்தில் நிறுத்துவாரா? ரிங் மூலையில் அவனுக்குப் பயிற்சியாளராக யார் இருப்பார்கள், டாக்டர் யார், மூக்கு உடைந்தால் ஆஸ்பத்திரி செலவு யாருடையது என்று அவரிடமே கேளுங்கள். பதிலை எழுதியும் வாங்குங்கள்.

பையன் இன்னும் முப்பது போட்டியாவது பனியன் போட்டுக்கொண்டு அமெச்சூராகவே ஆடட்டும். நாலு போட்டியும் ஜெயித்தவனுக்குத் தோல்வி என்றால் என்னவென்று தெரியாது. அவன் முதல் தடவை தோற்ற மறுநாள் காலை, காந்தி ஸ்டேடியத்தில் ஓட வருகிறானா என்று பாருங்கள். வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.