இரவில் மட்டும் குரல் ஒதுங்குவது ஏன்?

கேள்வி: பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் சிடி பிளேயரை இணைத்துப் பாட்டுக் கேட்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தை நன்றாகக் குறைத்தால் பாடுபவரின் குரல் வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கூட்டினால் நடுவுக்கு வந்துவிடுகிறது. ஸ்பீக்கர் பழுதா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஸ்பீக்கர் பழுதென்றால் கூட்டி வைத்தாலும் குறை தெரியும். உங்கள் வீட்டில் குறை வால்யூம் கன்ட்ரோலுக்குள் இருக்கிறது. ஒரே தண்டு சுழன்றாலும் உள்ளே இரண்டு கார்பன் தடங்கள் உள்ளன, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. தொழிற்சாலையில் இவ்விரண்டும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் அமைவதில்லை. காட்பாடியில் நண்பர் வீட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து 50,000 ஓம் கன்ட்ரோல் ஒன்றைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். குமிழை மயிரிழை திறந்த நிலையில் ஒரு தடம் 200 ஓம், மற்றொன்று 300 ஓம் காட்டின; அதாவது ஏறத்தாழ 3.5 டெசிபல் வேறுபாடு, ஒரு ஸ்பீக்கருக்கு மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான மின்திறன். அதே 100 ஓம் வேறுபாடு பாதித் திருப்பில் 6,000 ஓமுக்கு மேல் வரும்போது காதுக்கே எட்டாது.

சிடி பிளேயர்கள் பொதுவாக 2 வோல்ட் வரை தருகின்றன. பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கோ அதில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே உங்கள் குமிழ் எப்போதும் அடிமட்டத்திலேயே, தடங்கள் மிகவும் முரண்படும் இடத்திலேயே நிற்கிறது. பேலன்ஸ் குமிழைத் திருப்பி இதைச் சரிக்கட்டலாம் என்றாலும் வால்யூமை மாற்றியதும் கணக்கு மாறிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தூசியால் எழும் கரகரப்பைப் போக்கும் கிளீனர் ஸ்பிரேயும் இதற்கு உதவாது.

வேலூர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மதிப்பு 1 சதவீதத்துக்கு மேல் பிசகாத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்து இன்புட் ஒயரிலும் தொடராக 10,000 ஓமும், அதற்குப் பின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சிக்னலுக்கும் எர்த்துக்கும் (அதே ஒயரின் வெளிப்பின்னலுக்கும்) இடையே 1,100 ஓமும் வைத்துப் பற்றவைத்தால், உள்ளே வரும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதே மெல்லிய சத்தத்துக்குக் குமிழை நன்றாகத் திருப்ப வேண்டியிருக்கும், தடங்கள் ஒத்துப்போகும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். வேலை முடிந்ததும் மோனோவில், அதாவது இருபக்கமும் ஒரே ஒலியாக, பதிவான பழைய பாடல் ஒன்றை வைத்து, இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் அமர்ந்து, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள்.