பவுடர் டப்பா வாங்கவா, பல்செட்டைச் சரி பண்ணவா?

கேள்வி: தேவகோட்டையில இருந்து எழுதுறேன். எங்க அப்பத்தாவுக்கு 78 வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முழு பல்செட்டு கட்டுனோம், இப்ப கீழ் செட்டு ஆடுதுன்னு கழட்டி மடியில முடிஞ்சு வச்சுக்கிறாங்க. ரசஞ்சோறு, இட்லி, காபி, அவ்ளோதான் சாப்பாடு. ஒரு வருஷத்துல 50 கிலோவுல இருந்து 45க்கு வந்துட்டாங்க. எல்லாத்தையும் மிக்சில அரைச்சுக் குடுத்தா "கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டுறியா"ன்னு தள்ளிவிடுறாங்க. மெடிக்கல்ல 400 கிராம் புரோட்டீன் பவுடர் 650 ரூபாங்கிறாங்க, வாங்கலாமா?

பதில்: டப்பாவுக்கு அப்புறம் வருவோம், மொதல்ல அந்த மடியில இருக்கறதை வெளிய எடுங்க. பல்லு போன எடத்துல ஈறுக்குக் கீழ இருக்கற எலும்பு வருஷா வருஷம் தேஞ்சுக்கிட்டே வரும், செட்டு மட்டும் அப்படியே இருக்கும், அதான் லூசாகுது. மேல் செட்டு அண்ணத்துல ஒட்டிப் பிடிச்சுக்கும், கீழுக்கு அந்த வசதி கெடையாது, நாக்கு வேற தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கும். டென்டிஸ்ட்கிட்ட ரீலைனிங்னு சொல்லுங்க, உள்பக்கம் மட்டும் புதுசா பூசி ஈறுக்கு ஏத்த மாதிரி ஆக்கிக் குடுப்பாங்க, புது செட்டைவிட செலவு கம்மிதான். ஒட்டுற பேஸ்ட் வாங்கி அப்பிக்கிட்டே இருக்காதீங்க, சிலதுல ஜிங்க் இருக்கு, அளவு மீறி ரொம்ப நாள் போட்டா நரம்புக்கு ஆகாது. ராத்திரி கழட்டி பச்சைத்தண்ணியில போட்டு வைக்கணும், சுத்தமாகட்டும்னு சுடுதண்ணி ஊத்துனீங்கன்னா செட்டு கோணிக்கும். மடியில முடியவே கூடாது, ஒருநாள் வேட்டியோட சேலையோட வெளுக்கப் போயிடும் (எங்க வீட்டுல போயிருக்கு).

இப்ப டப்பா. முன்பக்கப் படத்தைப் பாக்காதீங்க, பின்னால 100 கிராமுக்கு எவ்வளவு புரோட்டீன்னு போட்டிருக்கும், அதைப் படிங்க. 20 கிராம்னு இருந்தா 400 கிராம் டப்பாவுல மொத்தமே 80 கிராம்தான். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் இருக்கு, அப்ப 13 முட்டைக்குச் சமம், முட்டை 7 ரூபான்னு வச்சாலும் 91 ரூபா. மிச்சம் 559 ரூபா எதுக்குன்னு நீங்களே யோசிங்க. சக்கரை எவ்வளவுன்னும் பாருங்க, பல டப்பாவுல அதான் தூக்கலா இருக்கும்.

வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1லேருந்து 1.2 கிராம் புரோட்டீன் வேணும்பாங்க, அப்பத்தாவுக்கு 45லேருந்து 54 கிராம் வரும். கிட்னி தொந்தரவு இருந்தா மட்டும் டாக்டரைக் கேக்காம கூட்டாதீங்க. ரசஞ்சோறு இட்லியில இது எங்க வரப்போகுது?

அரைச்சு ஒரே கூழாக்கிக் குடுத்தா யாருக்குத்தான் எறங்கும், அப்பத்தா சொன்னது நியாயம்தான். பருப்பைக் குழைய வேகவச்சு தனியா, மீனை முள்ளெடுத்து உதிர்த்து தனியா, முட்டையைப் பால் ஊத்தி தளதளன்னு கிண்டி தனியான்னு தட்டுல வைங்க, நெறமும் மணமும் தெரியணும். நம்ம கும்மாயம் இருக்கே, உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைச்சு கருப்பட்டியும் நெய்யும் போட்டுக் கிண்டுறது, பல்லே வேணாம். சுகர் இருந்தா அளவாக் குடுங்க. எங்க ஆயா பல்லு போனப்புறமும் தேன்குழலை விடலை, காபி டம்ளர்ல முக்கி ரெண்டு நிமிஷம் ஊறவிட்டு ஒவ்வொரு துண்டாச் சாப்பிடுவாங்க.

இதுக்கு நடுவுல, 5 கிலோ பல்லால மட்டும் குறைஞ்சதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, சுகர், தைராய்டு ஒருதடவை பாத்துடுங்க. தண்ணி குடிக்கறப்ப புரையேறுதா, வாயில புண்ணு ரெண்டு வாரம் ஆறாம இருக்கான்னும் கவனிங்க, இருந்தா உடனே டாக்டர்.

பழைய செட்டுக்குப் பில் இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க, ரீலைனிங்குக்கும் என்ன வேலை, எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. ஈறு குத்துதுன்னு போனா ராவிச் சரி பண்ணித் தரணும், அதுக்கெல்லாம் மறுபடி காசு உண்டான்னு முதல்லயே கேட்டுக்கங்க. தகராறு வந்தா 1915க்குப் போன் போடலாம், நுகர்வோர் ஹெல்ப்லைன்.