ஆறேறும் சால்மன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முட்டையிட்டதும் சால்மன் செத்துவிடும் என்கிறார்களே, எல்லா வகையுமா?

பதில்: இல்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறும் சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் ஆகிய ஐந்தும் ஒருமுறை முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டும் (கடலுக்குப் போய்வரும் வானவில் ட்ரவுட் மீன்) அட்லாண்டிக் சால்மனும் அப்படியல்ல. அவற்றில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வரும்.

நன்னீரில் நுழைந்ததும் பசிபிக் சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு உடம்பில் சேர்த்த கொழுப்பும், அது தீர்ந்தால் தசையும்தான் எரிபொருள். குடல் சுருங்கிப்போகும். சாக்கையின் சதையில் இருந்த சிவப்பு நிறமி தோலுக்கு ஏறும். ஆணின் தாடை கொக்கிபோல் வளையும். யூக்கான் ஆற்றில் ஏறும் சினூக் சில 3,000 கிலோமீட்டர் வரை இப்படியே பட்டினியாக நீந்துகின்றன. முட்டையிட்டு முடிக்கும்போது திரும்பிப் போவதற்கான சத்து உடம்பில் மிஞ்சியிருக்காது.

கேள்வி: பல ஆண்டுகள் கடலில் திரிந்த மீனுக்குத் தான் பிறந்த ஓடை எப்படித் தெரிகிறது?

பதில்: நடுக்கடலிலிருந்து கரைவரை பூமியின் காந்தப்புலம் வழிகாட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. ஆற்று முகத்துக்கு வந்தபின் மூக்குதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் குழு, கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் வாசனைக்குப் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டது. அவை வளர்ந்து திரும்பும் பருவத்தில் வேறோர் ஓடையில் அதே பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். மீன்கள் அந்த ஓடையைத் தேடி ஏறின. வழி மாறும் மீன்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது குறையல்ல. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் பனியாறு பின்வாங்கியதால் புதிதாகப் பிறந்த ஓடைகளில் சால்மன் குடியேறியது அப்படி வழி மாறியவற்றால்தான்.

கேள்வி: ஆயிரக்கணக்கில் மீன் செத்துக் கிடந்தால் ஆறு கெட்டுப்போகாதா? அள்ளி அப்புறப்படுத்தினால் என்ன?

பதில்: அள்ளக் கூடாது. நாற்றம் அடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பிணங்கள்தான் ஆற்றுக்கு வரும் உரம். மேல்நிலை ஓடைகளின் நீர் தெளிவாக, குளிர்ச்சியாக இருக்கும். சத்து மிகக் குறைவு. சால்மனோ தன் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் கடலில் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதாவது கடலின் நைட்ரஜனும் பாஸ்பரசும் மலையேறி வருகின்றன.

வந்த சத்து எங்கே போகிறது? ஒரு பங்கு பாசிக்கும் பூச்சிப் புழுக்களுக்கும். சிதறும் முட்டையையும் கரையும் சதையையும் கோஹோ, ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் தின்று குளிர்காலத்துக்குமுன் கொழுக்கின்றன. கரடி மீனைப் பிடித்துக் காட்டுக்குள் தூக்கிப்போய், மீன் மலிந்த ஆண்டில் மூளையையும் சினையையும் மட்டும் தின்று மீதியைப் போட்டுவிடும். அதில் ஈ முட்டையிட்டு, புழு வளர்ந்து, பறவைக்கு இரையாகி, எஞ்சியது மண்ணில் சேர்கிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை அதிகம் இருப்பதால், இலையைச் சோதித்தாலே அது மீன் வழி வந்ததா என்று மதிப்பிடலாம். அலாஸ்காவில் ஜேம்ஸ் ஹெல்ஃபீல்டும் ராபர்ட் நைமனும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, சால்மன் ஏறும் ஓடைக்கரை மரஞ்செடிகளின் இலை நைட்ரஜனில் ஏறக்குறைய 22 முதல் 24 சதவீதம் மீனிலிருந்து வந்தது. இந்த எண்ணை எல்லாக் காட்டுக்கும் பொதுவாக்கிச் சொல்வதை ஏற்க முடியாது. மீன் குறைவான ஓடையில், ஈரமான மண்ணில், கரடி இல்லாத இடத்தில் கணக்கே வேறு.

இதைவிட உறுதியான சான்று அலாஸ்காவின் ஹான்சன் ஓடையில் கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அங்கே செத்த சாக்கைகளை எண்ணும்போது, எண்ணியதையே மறுபடி எண்ணாமலிருக்க எல்லாவற்றையும் ஒரே கரையில் வீசினார்கள். 20 ஆண்டுகளில் சுமார் 267 டன். பிறகு இரு கரை மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஒப்பிட்டபோது, மீன் விழுந்த கரையில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் வளர்ச்சி வேகம் கூடியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. கூடு தோண்டும் மீன்கள் பாசியையும் பூச்சிகளையும் கிளறி அடித்துச் செல்லவிடும். கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் கொஞ்சம் சத்தை எடுத்தும் போகும். கடலில் கலந்த பிசிபி போன்ற தொழிற்சாலை நச்சுகளும் மீனோடு ஏரிக்கு வருவது அலாஸ்காவில் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் ஆற்றுக்கு லாபமே அதிகம். அந்த லாபம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதுதான் கவலை: அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆறுகளுக்கு முன்பு சால்மன் கொண்டுவந்த நைட்ரஜன், பாஸ்பரசில் 6-7 சதவீதமே வந்து சேர்வதாக 2000இல் மதிப்பிட்டார்கள். எத்தனை மீனைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்போது முட்டையிடப் போதுமானதை மட்டும் விட்டுவைத்தால் போதாது. ஆற்றின் பங்கையும் சேர்த்து விட வேண்டும்.

கேள்வி: பெண் மீன் கூடு எப்படிக் கட்டுகிறது? முட்டைகள் வீணாவது எதனால்?

பதில்: பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் தரையை அடிக்கும். கல் எழும்பும், வண்டல் நீரோடு போய்விடும், குழி விழும். அதில் முட்டையிடும்போதே ஆண் பக்கத்தில் வந்து விந்தைப் பாய்ச்சும். பிறகு பெண் நீரோட்டத்துக்கு எதிராகச் சற்று நகர்ந்து அடுத்த குழியைத் தோண்டும்; அங்கே எழும்பும் கல் முந்தைய குழியை மூடும். இப்படிப் பல குழிகள். முட்டை ஏறக்குறைய 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில், கூழாங்கல்லின் இடுக்கில் இருக்கும். சாக்கைக்கு 2,000 முதல் 4,500 முட்டை. பெரிய சினூக்குக்கு இன்னும் கூடுதல்.

பொரிக்கும் நாளை வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுவார்கள்: அன்றாடச் சராசரி வெப்பநிலையை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், சினூக்குக்குச் சுமார் 500 ஆகும்போது பொரிக்கும். நீர் 5 டிகிரி செல்சியஸ் என்றால் 100 நாள். 10 டிகிரி என்றால் 50 நாள். பொரித்த குஞ்சு மஞ்சள்கருப் பையோடு கல்லிடுக்கிலேயே கிடந்து, கூட்டுத்தொகை 1,000ஐ நெருங்கும்போதுதான் மேலே வரும்.

பெரிய எதிரி பொடி மணல். மரம் வெட்டும் சாலைகளிலிருந்து வரும் மண் கல்லிடுக்கை அடைத்தால், முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பொரித்தாலும் குஞ்சு வெளியேற வழியிருக்காது. வெள்ளம் கல்லையே புரட்டிவிடும். அணையில் நீரைத் திடீரென்று குறைத்தால் கூடு காய்ந்துவிடும், குளிரில் உறைந்துவிடும். தாமதமாக வரும் பெண் மீன் பழைய கூட்டையே தோண்டுவதும் நடக்கும். ஆற்றில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: சுற்றிலும் கறுத்த பாசிக் கல், நடுவே வெளுத்த, சுத்தமான கல் திட்டு என்றால் அது கூடு. மிதிக்காதீர்கள்.

கேள்வி: அணையில் மீன் ஏணி (மீன் தாவி ஏறும் படிப்படியான நீர்வழி) வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

பதில்: ஏறும் மீனுக்குப் பெரும்பாலும் உதவும். இறங்கும் குஞ்சுக்குத்தான் சங்கடம். ஓடும் நீர் தள்ளிக்கொண்டு போன பயணத்தைத் தேங்கிய நீரில் தானே நீந்திக் கடக்க வேண்டும். வழியில் சூடான நீர், இரை பிடிக்கும் பெரிய மீன்கள், டர்பைன். கொலம்பியா, ஸ்நேக் ஆறுகள் வழியே ஐடஹோ மாநிலத்திலிருந்து இறங்கும் குஞ்சு 8 அணைகளைத் தாண்டுகிறது. கொலம்பியாவில் 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணையிலோ ஏணியே இல்லை. அதற்குமேல் சால்மன் வரத்து அணை கட்டும்போதே நின்றது.

அகற்றுவது முடியாத காரியமல்ல. வாஷிங்டன் மாநில எல்வா ஆற்றின் இரு அணைகளையும் 2011 முதல் 2014க்குள் உடைத்தார்கள். ஒரே மூச்சில் அல்ல; சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்ததால், நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்கி, மீன் ஏறும் காலங்களில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024க்குள் அகன்றன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஓரிகன் பகுதிக்கு சினூக் ஏறி வந்தது. 1912க்குப் பிறகு அதுவே முதல் முறை.

கேள்வி: பொரிப்பகத்தில் வளர்த்து விட்டால் எண்ணிக்கை கூடுமே?

பதில்: கூடும், தரம் குறையும். ஓரிகனின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டில், தலைமுறைக்குச் சுமார் 40 சதவீதம் இனப்பெருக்கத் திறன் குறைவதை 2007இல் கண்டார்கள். ஆற்றில் இயல்பாகப் பிறக்கும் மீன் அடியோடு அற்றுப்போகும் நிலைக்கு மட்டும் பொரிப்பகம் சரி.

கேள்வி: மழை பெய்ததும் நகர ஓடைகளில் கோஹோ கூட்டமாகச் சாவது ஏன்?

பதில்: டயர். ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. சாலைத் தூசியோடு மழைநீரில் வரும் அதுதான் கொலையாளி என்று 2020இல் கண்டறிந்தார்கள். மீன் வாயைப் பிளந்து வட்டமடிக்கும்; சில மணி நேரத்தில், வயிற்றுச் சினையோடு சாகும். அதே நீரில் சம் சால்மன் பிழைத்துக்கொள்ளும். 60 பங்கு மணல், 40 பங்கு மக்கிய உரம் கலந்த படுகை வழியே சாலை நீரை வடியவிட்டால் கோஹோ சாவதில்லை என்று சோதனையில் தெரிந்தது.

கேள்வி: சால்மன் ஏறுவதை நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

பதில்: கனடாவின் ஆடம்ஸ் ஆற்றில் சாக்கை கூட்டமாக வருவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை: 2018, 2022, அடுத்தது 2026. அக்டோபர் நல்ல நேரம். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலராய்டு கண்ணாடி கொண்டுபோங்கள். கரடியிடமிருந்து 100 மீட்டராவது விலகி நில்லுங்கள். நாயைக் கூட்டிப்போனால் கயிற்றை விடாதீர்கள்: பசிபிக் வடமேற்குச் சால்மனை நாய் பச்சையாகத் தின்றால், அதில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு வழியே ஒரு பாக்டீரியா தொற்றலாம்; சிகிச்சை இல்லாவிட்டால் நாய் செத்துப்போகும்.