ஈ ஆராய்ச்சி சோறு போடுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பிளஸ் டூ முடித்த மகள் நீட்டை மறுபடி எழுத மாட்டேன், தூக்கமும் பிறவிக் குணமும் மூளையில் எப்படி உருவாகின்றன என்று படிக்கப் போகிறேன் என்கிறாள். "ஈயை வைத்து ஆராய்ச்சி பண்ணினால் சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். அந்த ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கிற அதே சின்ன ஈதான். 1971-இல் கலிஃபோர்னியாவில் கொனோப்கா, பென்சர் என்ற இரு விஞ்ஞானிகள் அதன் ஒரே மரபணுவில் மூன்று விதமான மாற்றங்களைக் கண்டார்கள். ஒரு வகை ஈக்கு நாள் 19 மணி நேரமாகச் சுருங்கியது, இன்னொன்றுக்கு 28 மணி நேரமாக நீண்டது, மூன்றாவதற்கு நேரக்கணக்கே இல்லாமல் போனது. உடலுக்குள்ளேயே நேரம் கணக்கிடும் அந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கியவர்களுக்குத்தான் 2017-இன் மருத்துவ நோபல் கிடைத்தது.

அப்புறம் 2014-இல் மேத்யூ கேசர், அமிதா சேகல் குழு செய்த ஆய்வு. புதிதாகப் பிறந்த ஈ நிறையத் தூங்கும். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தால், வளர்ந்த பின் ஆண் ஈ பெண் ஈயை ஒழுங்காக நாடுவதில்லை. பெண் ஈயை நாடுவதை அதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை, மரபணுவிலேயே இருக்கிறது. ஆனாலும் அதற்கான மூளைப் பகுதி முழுதாக வளர அந்த இளம்பருவத் தூக்கம் வேண்டியிருக்கிறது. கைக்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் ஏன் தூங்குகிறது என்ற கேள்வியும் இதை ஒட்டியதுதான். உங்கள் மகளைப் பிடித்து இழுப்பது இதுதான் என்றால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளி வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தார்.

சரி, வேலை எப்படி இருக்கும்? விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஓர் ஈ, ஒரு முனையில் உணவு, மறுமுனையில் பஞ்சு, நடுவே அகச்சிவப்புக் கதிர். ஈ ஐந்து நிமிடம் அந்தக் கதிரைக் கடக்காவிட்டால் தூக்கம் என்று கணக்கு. இப்படி நூற்றுக்கணக்கான குழாய்கள், பல நாள். கணினியில் குவியும் எண்களை அலச புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் தெரிய வேண்டும். உயிரியல் மட்டும் பிடித்தால் போதாது.

முதல் வழி, ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கு ஐஏடி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேரட்டும், பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி. போகலாம். அதன்பின் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கினால், முனைவர் பட்டத்துக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் தொடங்கலாம். வீட்டுப் பணம் தேவைப்படாது.

ஆனால் பட்டம் முடிக்கும்போது 28 வயதாவது ஆகும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பலர் மருந்து நிறுவனங்களுக்கும் தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்கும் போகிறார்கள். இடையில் கல்யாணப் பேச்சு கட்டாயம் வரும். அதை இப்போதே அவளோடு மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அவள் படித்தது பயோ மேத்ஸா, பியூர் சயின்ஸா? ஐஏடியில் கணிதமும் உண்டு. பியூர் சயின்ஸ் என்றால் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.