செயினை அவனே மாட்டட்டும்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் ‘எனக்கு வராதும்மா’ என்கிறான். சைக்கிள் செயின் கழன்றால்கூட நடுரோட்டில் நின்று அப்பாவுக்குப் போன் போடுகிறான். பாராட்டியும் பார்த்தோம், திட்டியும் பார்த்தோம். தன்னம்பிக்கை வர என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி அருகே

பதில்: பாராட்டு பலிக்காததில் வியப்பில்லை. 1998-இல் முல்லர், டுவெக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுதான். ‘நீ புத்திசாலி’ என்று கேட்ட பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் மோதினார்கள். ‘என்னால் முடியும்’ என்பது கையில் ஒரு வேலை முடிந்த பிறகு வருகிற எண்ணம்.

அந்தச் செயினிலேயே தொடங்குங்கள். ஞாயிறு காலை, அவசரமில்லாத நேரம். ஸ்டாண்டு போட்டு, செயினைப் பின்சக்கரப் பல்லில் முதலில் மாட்டி, பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் மேல்பல்லில் இரண்டு கண்ணியைக் கொடுத்து, பெடலை மெதுவாக முன்னால் சுற்றினால் ஏறிவிடும். பல்லுக்கு இடையே விரல் போகக் கூடாது; இதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு, ‘ஏன்டா அடிக்கடி கழலுது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்! செயின் தொய்ந்திருப்பதை அவனே கண்டுபிடிப்பான். பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்க வேண்டும். செயினின் நடுவே அமுக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். முதல் தடவை சக்கரம் கோணிக்கொண்டு ஒரு பக்கம் உரசும். ‘தள்ளு, நான் பாக்குறேன்’ என்று அப்பா ஸ்பேனரைப் பிடுங்குவது அப்போதுதான். அவரை டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள். நட்டை மறுபடி தளர்த்தி நேராக்கக் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

படிப்புக்கும் இதே வழிதான். வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் ‘நிலமே சரியில்லை’ என்று உட்காருவோமா? வாய்க்காலில் எங்கே அடைப்பு என்று நடந்து பார்ப்போம். ‘கணக்கு வராது’ என்பதை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள்: ‘இருபடிச் சமன்பாட்டில் காரணிப்படுத்தும்போது நிற்கிறேன்.’ அதன் கீழே மூன்று வழிகளாவது அவன் எழுதட்டும், அசட்டு வழியானாலும் சரி. எழுதி முடிக்கும்வரை எதையும் நீங்கள் வெட்டக் கூடாது. ஒன்றை அவனே தேர்ந்து ஒரு வாரம் செய்யட்டும். பலிக்காவிட்டால் அடுத்த வழி. பெரியப்பா மகனின் மார்க்கை இந்தப் பேச்சுக்குள் இழுக்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களையும் விலக்கினால், அது வெறும் தன்னம்பிக்கைக் குறை அல்ல. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.